பாசி மணக்கும் தேயிலை

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தது ஹென்றி மச்சாதுவின் மூக்கு. மிச்ச உடம்பு அதற்குத் துணையாகப் போய்வந்து சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். பதவியின் பெயர் சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த சரக்கு நன்றாக இருக்கிறதா, ஈரம் பட்டதா, பக்கத்து மூட்டையின் நாற்றம் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சான்று எழுத வேண்டும். மற்ற சர்வேயர்கள் கண்ணாடி, டார்ச்சு, கொக்கி எல்லாம் கொண்டு போவார்கள். ஹென்றி கையை வீசிக்கொண்டு போவார். வெள்ளைப்பூண்டுக்குப் பக்கத்தில் பதினோரு நாள் கிடந்துவிட்டு வந்த முந்திரிப் பருப்பை ஒரு தடவை பெட்டியை உடைக்காமலே பிடித்துவிட்டார். அவர் மூக்கைச் சுளித்தால் கொழும்பில் இன்சூரன்ஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாராம். இரண்டு தும்மல் போட்டால் சிங்கப்பூரில் விலை இறங்கிவிடும் என்று சொல்வது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. ஒரு தும்மலுக்கே இறங்கியது.

ஓய்வுபெற்ற பிறகு மூக்கு வீட்டோடு வந்து சேர்ந்தது. பால்காரர் வேறு தெருவழியாகப் போகத் தொடங்கினார். மீன்காரம்மா, "உங்க வீட்டய்யா கோயிலுக்குப் போயிருக்கும்போது வாரேன்" என்று பிலோமினாவிடம் ஏற்பாடு செய்துகொண்டாள். பிலோமினா அவர் மனைவி. நாற்பத்துநான்கு வருஷமாக அந்த மூக்கோடு ஒரே குசினியில் சமைக்கிறவள். சொர்க்கத்தில் தனக்குத் தனி நாற்காலி போட்டிருப்பார்கள் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொரோனா வரும்வரை. வந்தது, பதினைந்து நாள் மூக்கை மூடியது, போனது. மணம் முழுசாகத் திரும்பிவிட்டது என்று ஹென்றி எல்லாரிடமும் சொன்னார். கண்ணில் குறை என்றால் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லலாம். அடுத்தவன் மூக்குக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்? ஊர் நம்பியது.

நம்பிக்கையைக் கெடுத்தது ஜப்பான்.

ரோச் பூங்காவில் கடலைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் பெஞ்சு. அது துறைமுகத்தில் ஓய்வுபெற்றவர்களின் பாராளுமன்றம். ஹென்றி, கிரேன் ஓட்டிய பாண்டியராஜ், குடோன் கிளார்க்காக இருந்த ராமர் ஆகிய மூவரும் நிரந்தர உறுப்பினர்கள். மூவருக்கும் சர்க்கரை. மூவருக்கும் டாக்டர் பால் டீயை நிறுத்தியிருந்தார். அந்த நேரம் பார்த்து ராமருக்கு ஒரு வீடியோ வந்தது. ஜப்பானில் நூற்றெட்டு வயசுக் கிழவர் ஒருவர் மரம் ஏறுகிறார், காரணம் கிரீன் டீ என்றது வீடியோ. பாண்டியராஜ் ஏரல் பக்கத்து வயல்காரர் குடும்பம். எதையும் உடனே நம்பமாட்டார். ஆனால் மரம் ஏறுவது அவரையும் அசைத்துவிட்டது. மூவரும் சேர்ந்து ஜப்பான் தேயிலை வாங்குவது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஹென்றிக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. ஹென்றிதான் ஜப்பான் கப்பலில் கேப்டன் கையால் கிரீன் டீ குடித்தவர் என்று முப்பது வருஷமாக எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் கேப்டன் கொடுத்தது பாட்டில் ஆரஞ்சுச் சாறு. அது ஹென்றிக்கும் கேப்டனுக்கும் மட்டும் தெரியும், கேப்டன் மறந்திருப்பார்.

ஊர்க் கடைகளில் பச்சைப் பெட்டிகள் இருந்தன, ஜப்பான் இல்லை. ஹென்றி போனை எடுத்தார். ஜப்பான் கிரீன் டீ என்று தட்டியதும் நாலாயிரத்து முந்நூறு ஜப்பான்கள் வரிசையில் வந்து நின்றன. ஒரு ஜப்பான் லூதியானாவில் இருந்தது. ஒரு ஜப்பான் இந்தூரில் கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒரு மலை. ஒருவர் போட்டிருந்த மலை, உற்றுப் பார்த்தால், நம் கழுகுமலை. கிமோனோ கட்டிய ஒரு பெண்ணின் நெற்றியில் பொட்டு இருந்தது. தேயிலை எப்படி இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. குடித்தவர் எப்படி ஆவார் என்று எல்லாரும் சொன்னார்கள். தொப்பை கரையும், முகம் மின்னும், முடி முளைக்கும், மருமகள் மதிப்பாள். வாங்கியவர்களின் கருத்தோ அதைவிட அழகு. 'பேக்கிங் பிரமாதம், ஐந்து நட்சத்திரம்.' 'கொண்டுவந்தவர் மரியாதையாகப் பேசினார், ஐந்து நட்சத்திரம்.' 'இன்னும் குடித்துப் பார்க்கவில்லை, ஐந்து நட்சத்திரம்.'

அதிக நட்சத்திரம் வாங்கியிருந்தது சாமுராய் ஸ்லிம். ஹென்றி அதையே வரவழைத்து, பெஞ்சில் வைத்துப் பிரித்து, கண்ணை மூடி மோந்து, "சுத்தமான மலைக்காத்து" என்று சான்று கொடுத்தார். அன்று சாயங்காலமே பிளாஸ்க்கில் போட்டு ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தார்கள். ராமர் மூன்று.

மறுநாள் காலை நடந்ததை நாகரிகமாகச் சொல்வது கஷ்டம். ஹென்றி பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு முன்பே மாதா கோயிலைவிட்டு ஓடினார். அறுபது வருஷத்தில் முதல்முறையாக அவர் ஓடுவதைப் பார்த்த பங்கு மக்கள் ஏதோ சுனாமி என்று நினைத்து எழுந்தார்கள். பாண்டியராஜ் ஏரல் பஸ்ஸை மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார். மூன்றாவது இடத்தில் பஸ் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ராமர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. அதனால் அவர் கதை யாருக்கும் முழுசாகத் தெரியாது.

பாண்டியராஜின் மனைவி பொன்செல்விதான் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். தேயிலை கொஞ்சம். மிச்சம் சென்னா இலை, விளைந்த இடம் தூத்துக்குடி மாவட்டம். வயிற்றைக் கழுவ நாட்டு வைத்தியர் கொடுக்கும் அதே நிலாவாரை இலை. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்து, வடக்கே போய், சாமுராய் வேஷம் கட்டிக்கொண்டு, கூரியரில் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருந்தது.

எல்லா ஊரிலும் ஏமாறுகிறவன் உண்டு. ஆனால் சென்னா இலை ஹென்றிக்குத் தெரியாத சரக்கா? முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் மூக்கு பார்த்த சென்னா மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் இறங்கிக்கொள்ளலாம். அதைப் போய் மலைக்காற்று என்று சொல்லிவிட்டார்.

பெஞ்சில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஹென்றி பதில் சொல்லியிருப்பார். பாண்டியராஜ் ஆறுதல் சொன்னார்.

"அண்ணாச்சி, வயசானா ஒருத்தனுக்குக் கண்ணு போவுது, ஒருத்தனுக்குக் காது போவுது. உங்களுக்கு மூக்கு போயிருக்கு. இதுல என்ன வெக்கம்? கொரோனா யாரத்தான் விட்டுச்சு?"

"மூக்கு போவல பாண்டி. அன்னைக்கு எனக்குச் சளி."

"ஆமா ஆமா, சளிதான்" என்றார் பாண்டியராஜ், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து யாரும் ஹென்றியிடம் எதையும் நீட்டவில்லை. முன்பெல்லாம் ராமர் கடலை மிட்டாய் வாங்கினால்கூட முதலில் ஹென்றியின் மூக்குக்குக் கீழே ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் வாயில் போடுவார். இப்போது நேரே வாயில் போட்டார். அந்த மிட்டாய் ஹென்றியின் தொண்டையில் சிக்கியது.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சை வைத்தார். அவர் கண்ணை மூடி உட்கார, பிலோமினா மிளகு, காயம், கற்பூரம், காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். பத்துக்கு எட்டு சரி. தப்பான இரண்டுக்கும் அவள் கையிலிருந்த சாளை மீன் வாசனைதான் காரணம் என்று ஹென்றி மேல்முறையீடு செய்தார். மூக்கு இருக்கிறது. ஆனால் பெஞ்சுக்கு முன்னால் நிரூபித்தாக வேண்டும். அசல் ஜப்பான் தேயிலையைக் கண்டுபிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. கப்பல் கேப்டனிடம் கேட்பதுபோல் ஒவ்வொரு விற்பனைக்காரரிடமும் கேள்வி அனுப்பினார். எந்த மாவட்டம், எந்த மாதம் பறித்தது, ஆவியில் அவித்ததா வறுத்ததா, எப்போது பொட்டலம் போட்டது. பதில்கள் வந்தன. 'அன்பு வாடிக்கையாளரே, உங்கள் தொப்பை எங்கள் பொறுப்பு' என்றார் ஒருவர். எந்த மாதம் என்றதற்கு 'எல்லா மாதமும்' என்றார் ஒருவர். ஜப்பானில் எந்த ஊர் என்றதற்கு 'டோக்கியோ பஸ் ஸ்டாண்டு பக்கம்' என்று பதில் வந்தது. ஒருவர் மட்டும், 'சார், ஜப்பான்ங்கிறது நாங்க வச்ச பேருதான் சார், டீ நீலகிரி' என்று எழுதினார். நாலாயிரத்து முந்நூறு பேரில் அவர் ஒருவர்தான் யோக்கியர். ஆனால் ஜப்பான்காரர் இல்லையே.

பதினேழாம் நாள் புதுச்சேரியில் ஒரு கடை அகப்பட்டது. ஜெமிமா என்று ஒரு பெண்மணி தனியாக நடத்துவது. கடையின் இணையப் பக்கத்தில் சாமுராய் இல்லை, மலை இல்லை, தொப்பை இல்லை, நட்சத்திரம்கூட இல்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து. ககோஷிமா மாவட்டம், இன்ன மலைக்கிராமம், இன்னார் தோட்டம். ஏப்ரல் கடைசி வாரம் பறித்தது. பறிப்பதற்கு முன் இரண்டு வாரம் நிழல் கட்டியது. பறித்த அன்றே ஆவியில் அவித்தது. பிரித்தால் ஒரு மாதத்துக்குள் குடித்து முடிக்கவும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றவேண்டாம். கடைசியில் ஒரு வரி: பால் சேர்ப்பவர்கள் தயவுசெய்து வேறு கடை பார்க்கவும்.

ஹென்றிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏளா பிலோ, இது கடை இல்ல. சரக்குச் சீட்டு. இப்படித்தான் எழுதணும்" என்றார்.

பொட்டலம் வந்த அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை, சலவை செய்த கைக்குட்டையை, எடுத்து சிமெண்டில் விரித்து, பொட்டலத்தைக் கத்தரித்து, இலையை அதன்மேல் கொட்டினார். ஊசி ஊசியாக, கரும்பச்சையில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. குனிந்தார். மூச்சை இழுத்தார்.

கடல்பாசி.

சந்தேகமே இல்லை. கீழவைப்பாரில் தண்ணீர் வற்றும்போது பாறையில் வெயில் படுமே, அப்போது எழும்புமே, அந்தப் பாசி. இன்னொரு தடவை இழுத்தார். பாசிதான். பாண்டியராஜ் மோந்துவிட்டுப் புல் மணக்கிறது என்றார். ராமர் மோந்துவிட்டு, கடலுக்கு முப்பதடி தள்ளி உட்கார்ந்துகொண்டு எதை மோந்தாலும் பாசிதான் மணக்கும், சாம்பிராணியை மோந்தாலும் பாசிதான் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை ஹென்றி பார்த்துவிட்டார்.

அந்த நேரத்தில் அவருக்குள் ஒரு வழக்கு நடந்தது. தேயிலையில் பாசி மணக்காது, இது உலகம் அறிந்தது. மணக்கிறது என்றால் கெட்டது ஒன்று மூக்கு, அல்லது சரக்கு. மூக்கு கெட்டிருக்க முடியாது. ஆகவே சரக்கு. தீர்ப்பு கிடைத்ததும் காரணங்கள் தாமாக ஓடி வந்தன. கருவாட்டு மூட்டையோடு ஒரே அறையில் வந்த தேயிலைப் பெட்டிகளைப் பழைய நாளில் அவரே பிடித்திருக்கிறார். ஜப்பான்காரர் பாசியைக் கட்டுக்கட்டாகத் தின்கிறவர். அதே கண்டெய்னரில் பாசிக் கட்டும் வந்திருக்கும், வாசனை ஏறியிருக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு கேஸ் இருக்க முடியுமா?

"தொத்து" என்றார் ஹென்றி எழுந்து நின்று. "பாசி தொத்தியிருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியல. எனக்குத் தெரியுது. அந்தப் பொம்பளைக்கு எழுதுதேன், அவளே ஒத்துக்கிடுவா, பாருங்க."

பாண்டியராஜ் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டால் மூக்குக்கு ஜே, இல்லையென்றால் இனி அண்ணாச்சி மூக்கைப் பற்றிப் பேசவே கூடாது என்று பெஞ்சு தீர்மானித்தது.

ஹென்றி நான்கு பக்கம் எழுதினார். சரக்கின் பெயர், வந்த நிலை, வெளிக்கட்டு, உள்கட்டு, காணப்பட்ட சேதம், சேதத்தின் உத்தேசக் காரணம், சர்வேயரின் முடிவு. 'பாறைப் பாசியின் தெளிவான, இளசான, சற்றே இனிப்பு கலந்த வாசனை இலை முழுவதும் ஒரே சீராக ஊடுருவியிருக்கிறது. மனித நுகர்வுக்கு ஏற்றதல்ல' என்று முடித்தார். கையெழுத்துக்குக் கீழே பழைய ரப்பர் ஸ்டாம்பையும் குத்தி, மிச்ச இலையோடு திருப்பி அனுப்பினார். கண்டெய்னரில் சரக்கு அடுக்குவது எப்படி என்று இலவசமாகக் கொஞ்சம் புத்திமதியும் சேர்த்திருந்தார். அதில்தான் இரண்டாம் பக்கம் முழுசும் போயிற்று.

நான்காம் நாள் காலையில் பதில் வந்தது. ஹென்றி குசினியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனைத் திறந்தார்.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அறிக்கை கிடைத்தது. பணம் திருப்பி அனுப்பியாயிற்று. தாங்கள் கண்டுபிடித்த பாசி வாசனைக்காகத்தான் அந்தத் தோட்டக்காரர் செடிக்கு மேல் கறுப்பு வலை கட்டி இரண்டு வாரம் வெயிலை மறைக்கிறார். அதற்காகத்தான் நானும் அவரிடம் வாங்குகிறேன். மூன்று வருஷமாக விற்கிறேன். பேக்கிங் நன்றாக இருக்கிறது என்று எழுதாதவர் இல்லை. பாறைப் பாசி, இளசு, சற்றே இனிப்பு என்று எழுதியவர் தாங்கள் ஒருவர்தான். அதைச் சேதம் என்று எழுதியவரும் தாங்கள் ஒருவர்தான். இவ்வளவு நல்ல மூக்கு இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டதற்கு வருந்துகிறேன். இனி தங்கள் பெயருக்கு விற்பதாக இல்லை. ஜெமிமா.'

பிலோமினா போனை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த கஞ்சி பொங்கி வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே திரும்பவும் சிரித்தாள்.

"அந்தப் பிள்ள உங்களக் கண்ணால பாத்தது கூட இல்ல. நாப்பத்திநாலு வருஷம் கூட இருந்த நான் சொல்லத் தெரியாம முழிச்சத ஒரே வரியில சொல்லிட்டு."

ஹென்றிக்கு முன்னால் இப்போது இரண்டு வழி இருந்தன. கடிதத்தை மறைத்தால் புத்திசாலி, ஆனால் மூக்குச் செத்தவர். காட்டினால் மூக்கு உயிரோடு இருக்கிறது, ஆனால் அதைச் சுமக்கிறவன் முட்டாள். 'தாங்கள் ஒருவர்தான்' என்ற இடத்தில் படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். பாண்டியராஜ் போனைப் பிடுங்கிப் பார்க்காமல் விடமாட்டார் என்று பிலோமினா எச்சரித்தாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். முட்டாள் என்றால் என்ன? ஊரில் முட்டாளுக்கா பஞ்சம்? கப்பல் முதலாளியிலிருந்து கவுன்சிலர் வரை வரிசையாக இருக்கிறார்கள், அவர்களோடு போய் நின்றுகொள்ளலாம். ஆனால் இப்படி ஒரு மூக்கு?

வெள்ளைச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார்.

பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டே கடிதம் முழுவதையும் இரண்டு தடவை வாசித்தார். 'இவ்வளவு நல்ல மூக்கு' என்ற இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும் வாசித்தார். பக்கத்துப் பெஞ்சில் யோகா செய்துகொண்டிருந்தவர்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

பாண்டியராஜ் சொன்னார்:

"அப்பம் மூக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பழுது அதுக்கு ரெண்டு இஞ்சு மேலதான்."

"அது ரிட்டயர்டு ஆயிட்டு. மூக்கு இன்னும் டூட்டியில இருக்கு" என்றார் ஹென்றி.

ராமர் கையிலிருந்த கடலை மிட்டாயைப் பிரித்து ஹென்றியின் மூக்குக்குக் கீழே ஒரு சுற்றுக் காட்டினார். மூன்று நாள் பழசு என்று ஹென்றி சொன்னதும் அது காக்கைக்குப் போயிற்று. யோகாக்காரர் ஒருவர் எழுந்து வந்து, புதிதாக வாங்கிய செருப்பைக் கழற்றி நீட்டி, தோலா ரெக்சினா என்று கேட்டார். ஹென்றி அதையும் மோந்து, ரெக்சின் என்று சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் செருப்பை மோந்து அந்தப் பூங்கா பார்த்ததில்லை.

இனி அந்தத் தேயிலையைக் குடித்தே ஆகவேண்டும். ஹென்றிக்குத்தான் அங்கே கதவு சாத்தியாயிற்று. ஆகவே பொன்செல்வி பெயரில், அவள் போனிலிருந்து, பாண்டியராஜ் வீட்டு விலாசத்துக்கு வாங்கினார்கள். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஹென்றியும் ராமரும் போனார்கள்.

தெருமுனையிலேயே ஹென்றியின் மூக்கு நின்றுவிட்டது. பால் காய்கிற வாசனை. கூடவே சுக்கு. கூடவே உடன்குடிக் கருப்பட்டி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பொன்செல்வி பெரிய பாத்திரத்திலிருந்து தம்ளர்களில் ஆற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள். அரைப் பொட்டலம் காலி.

"வெறுந்தண்ணியில போட்டுப் பாத்தேன் அண்ணே, கசாயம் மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்தவங்களுக்கு அதையா குடுக்க? பத்து நிமிஷம் நல்லாக் கொதிக்க விட்டு, பால ஊத்தி, சீனி போடாம கருப்பட்டி போட்டிருக்கேன். சர்க்கரைக்கு ஒண்ணும் செய்யாது."

ககோஷிமா மலைக்கிராமத்துத் தோட்டக்காரர் அந்த நிமிஷம் காரணம் தெரியாமல் விக்கியிருப்பார்.

பாண்டியராஜ் ஹென்றியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹென்றி தம்ளரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். கருப்பட்டியைத் தாண்டினார். சுக்கைத் தாண்டினார். பாலைத் தாண்டி, ஆழத்துக்குப் போய், மூச்சை அடக்கி, முத்துக் குளிக்கிறவர் மாதிரி தரையைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"இருக்கு" என்றார். "அடியில பாசி இருக்கு."

மற்றவர்கள் மோந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீரில் பாசியைக் கண்டுபிடிப்பது யாராலும் ஆகும், பாலுக்கும் சுக்குக்கும் கீழே கண்டுபிடிக்கிறவன் உலகத்தில் எத்தனை பேர் என்று ஹென்றி கேட்டார். கேட்ட கையோடு இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார். உண்மையில் அது நன்றாகவே இருந்தது. ஆனால் அதை அவர் வெளியே சொல்லவில்லை.

பொன்செல்விக்கு நல்ல மனசு. சரக்கு நன்றாக இருந்தால் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைப்பவள். நுரை ததும்பும் நான்கு தம்ளர்களை வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து, செய்முறையும் எழுதி, பால் கொஞ்சம் திக்காக இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று யோசனையும் சொல்லி, ஜெமிமாவுக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் பெஞ்சில் பாண்டியராஜ் கடையின் பக்கத்தைத் திறந்தார். பால் சேர்ப்பவர்களைப் பற்றிய வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. அவர் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்: தூத்துக்குடி மாவட்டத்துக்கு அனுப்புவதில்லை.

ராமர், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கவலையோடு கேட்டார். மிச்சத்தையும் நேற்று ராத்திரியே பொன்செல்வி பாலில் போட்டுவிட்டாள், வெறும் கவர்தான் என்று பாண்டியராஜ் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

ஹென்றி அதை வாங்கி, வாயைப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டு நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். மறுபடி நான்காக மடித்துத் தன் லேஞ்சிக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இது ஒரு மாசத்துக்குக் காணும்" என்றார்.